பின்னிணைப்பிலே ஒரு புகை

பல்கலைக்கழகத்தில் என்னோடு பயின்ற நண்பன் ஒருவன், இன்று இலண்டனிலே காலநிலைக் கொள்கை ஆய்வாளன். புகையை எவ்வளவு குறைக்கலாம் என்று அரசாங்கங்களுக்கு ஆலோசனை கூறுபவன். சென்ற விடுமுறையில் வந்தபோது தன் தொழிலை விளக்கினான். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரித்தானியா ஒவ்வோர் ஐந்தாண்டுக்கும் தன் புகைக்கு உச்ச எல்லை விதிக்கின்றது. 1990இன் அளவிலிருந்து 2050க்குள் 80 சதவீதம் குறைப்பது என்றிருந்த இலக்கு, 2019இல் தேறிய பூச்சியமாக உயர்ந்தது. சட்டத்தாலே தன்னைத் தானே கட்டிக்கொண்ட அரசைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், அவன் அணிந்திருந்த சட்டையின் கழுத்துப் பட்டியில் 'இலங்கையிற் செய்யப்பட்டது' என்றிருந்தது. என்னிடம் படித்த பெண்ணொருத்தி கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில் இத்தகைய சட்டைகளைத்தான் தைக்கிறாள். அவளது இயந்திரத்தை ஓட்டும் மின்சாரத்தில் ஒரு பகுதி, நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியிலிருந்து வருவது.

"இந்தப் புகை யாருடைய கணக்கில்?" என்றேன்.

"எரிக்கும் நாட்டின் கணக்கில். அதுதான் சர்வதேச விதி."

இறக்குமதிப் பொருள்களின் புகையையும் சேர்த்த வேறொரு கணக்கும் அங்கு வெளியாகிறதாம். சட்டத்தின் இலக்கோ அதனைத் தொடுவதில்லை.

"அமைச்சர்களுக்கு நீ அதைச் சொல்வதில்லையா?"

"எழுதுகிறேன், மச்சான். பின்னிணைப்பிலே."

அவன் நேர்மையற்றவன் அல்லன். பரீட்சைக்கு வராத பாடத்தைத் தவணை முடிவுக்குத் தள்ளிவைப்பவன்தானே நானும்!

புறப்படும் வேளையில், அந்தப் பெண்ணின் மாதச் சம்பளம் என்னவென்று கேட்டான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.