வலிதான் இல்லையே என்று இருந்துவிட்டேன்

போன வருடம் பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். இடது மார்பின் கீழ்ப்பக்கம் ஒரு சின்னக் குழி. பிசைந்த மாவில் விரலை வைத்து எடுத்தால் விழுமே, அது மாதிரி. கையை இறக்கினால் குழியைக் காணோம். தூக்கினால் மறுபடி வருகிறது. அழுத்திப் பார்த்தேன், வலியில்லை. வலிதான் இல்லையே என்று புடவையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த 'வலி இல்லையே'யை வைத்துக்கொண்டே நான்கு மாதம் ஓட்டினேன் என்றால் நம்புவீர்களா? பெரியவளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அந்த நேரத்தில் இவரிடம் சொல்லி வீட்டைக் கலக்குவானேன்? பரீட்சை முடிந்தது, ஊரிலிருந்து நாத்தனார் குழந்தைகளோடு வந்து இறங்கினாள். மாமியாரிடம் மட்டும் ஜாடையாகச் சொன்னேன். "பால் கட்டிக்கிட்டிருக்கும்மா, மல்லிப்பூ வெச்சுக் கட்டு" என்றார். என் கடைக்குட்டிக்குப் பதினான்கு வயது! சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் கட்டினேன்.

எங்கள் மாடம்பாக்கத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துப் பெண் ஒருத்தி வீடு வீடாக வருவாள். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய திட்டம். மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க மே மாதம் வந்தவள், "அக்கா, உங்களுக்கு முப்பது தாண்டியாச்சுல்ல? ஹெல்த் சென்டர்ல மார்புப் பரிசோதனை இலவசமாப் பண்றாங்க, ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்" என்றாள். வாசலில் நின்றபடியே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கட்டின புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை, மூன்றாம் மனுஷியிடம் வந்துவிட்டது.

அங்கே பெண் டாக்டர்தான். கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பில் ஊன்றச் சொல்லிப் பார்த்தார். விரல்களின் உட்பக்கத்தால் மார்பையும் அக்குளையும் தடவிப் பார்த்தார். "எத்தனை நாளா இருக்கும்மா?" என்றார்.

"ஒரு மாசமா, டாக்டர்."

பொய். திட்டுவாரோ என்ற பயம்.

உள்ளே இருக்கும் கட்டி, மார்பைத் தாங்கும் நார்களை இழுத்துப் பிடிக்கும்போது மேல்தோல் குழியுமாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காதாம். நாமெல்லாம் வலிக்காகக் காத்திருக்கிறோமே, என்ன சொல்ல! குழி மட்டுமில்லை. நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, பிழியாமலே நீரோ ரத்தமோ கசிவது, காம்பைச் சுற்றி ஆறாத புண், ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்துப் புள்ளி புள்ளியாக ஆவது, அக்குளில் கட்டி, எது புதிதாக வந்தாலும் காட்டிவிட வேண்டும் என்றார். கட்டி என்றாலே புற்றுநோய் இல்லை, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான் என்றும் சொன்னார்.

பாலூட்டும் பெண்களுக்குப் பால் கட்டுவது சகஜம்தான். குழந்தை நன்றாகக் குடித்த பிறகும் அதே இடத்தில் அதே கட்டி இரண்டு வாரம் கரையாமல் இருந்தால், பால்தான் என்று இருந்துவிடாதீர்கள். மாதவிலக்குக்கு முன்னால் மார்பு கனத்துக் கட்டி கட்டியாக இருக்கும். அதனால் விலக்கு முடிந்த பிறகு பார்ப்பதுதான் சரி.

மேமோகிராம் எடுத்தார்கள். இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது கண்ணில் நீர் வந்தது, அவ்வளவுதான். ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அன்றுதான் இவரிடம் சொன்னேன். "நாலு மாசமா எங்கூடத்தானே இருந்தே?" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், வேளச்சேரி என்று அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நடை! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய இடம் அது. 2021 ஜனவரியில் மறைந்த டாக்டர் சாந்தா அம்மா அறுபது வருடத்துக்கு மேல் அங்கேயே உழைத்தவர். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நர்ஸம்மா சொன்னார்: மும்பை டாடா ஆஸ்பத்திரியில் 1998 முதல் இருபது வருடம் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஆய்வு செய்தார்களாம். பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணிப் பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்ததிலேயே, ஐம்பது தாண்டியவர்களில் மார்புப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்திருக்கிறது. எங்கள் வாசலுக்கு வந்த பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என் கட்டி நெல்லிக்காய் அளவு. அக்குளிலும் ஒரு நெறியில் பரவியிருந்தது. அந்த நான்கு மாதத்தில் பரவியதா, முன்பே இருந்ததா, யாராலும் சொல்ல முடியாது. ஆபரேஷன், முடி கொட்டும் மருந்து, கதிர் வைத்தியம் எல்லாம் ஆயிற்று. இப்போது முடி காதுவரை வளர்ந்திருக்கிறது. மாத்திரை தொடர்கிறது.

போன மாதம் செக்கப்புக்குப் போனேன். ஃபைலின் முதல் பக்கத்தில் இன்னமும் 'ஒரு மாதமாக' என்றுதான் இருந்தது. "டாக்டர், அது நாலு மாசம்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. 'ஒரு' என்பதை அடித்துவிட்டு மேலே 'நான்கு' என்று எழுதினார்.