அடக்கம் என்று பெயர் வைத்தார்கள்

தமிழ் கற்பிக்கும் கல்லூரியிலேயே மாணவியர் மனநல ஆலோசனை மையத்தையும் பத்தாண்டுகளாகக் கவனித்து வரும் எனக்கு, 43ஆம் வயதில் ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதிசெய்தார்.

சிறுவயதில் முகம் பார்த்துப் பேசாததை அடக்கம் என்றார்கள். மேளச் சத்தத்துக்குப் பயந்து கல்யாண வீட்டின் பின்கட்டில் ஒளிந்ததைக் கூச்சம் என்றார்கள். ஆசிரியர் அறையில் பேசவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனதும், மாலையில் பேச்சற்றுக் கிடந்ததும் யாருக்கும் தெரியாது.

1943இல் லியோ கானர் விவரித்த 11 குழந்தைகளில் பெண்கள் 3 பேர்தான். மறு ஆண்டு ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த 4 பேரும் சிறுவர்களே. ஆண்பிள்ளைகளைப் பார்த்து வரைந்த படத்தில் எங்களை எப்படி அடையாளம் காண்பது? போதாததற்கு, பெண்ணுக்கு அழகு என்று சொல்லப்பட்ட குணங்களே எங்களை மறைத்துவிட்டன.

இப்போதெல்லாம் ஒருத்தியை "ரொம்ப அமைதியான பொண்ணு மேடம்" என்று அழைத்து வந்தால், அப்படி இருப்பது அவளுக்கு எவ்வளவு சிரமம் என்று அவளிடமே கேட்கிறேன்.