வருஷத்தில் ஒரு நாள் ஓடும் பஸ்

இங்கிலாந்தில் ஒரு பஸ் உண்டு. 23ஏ என்று எண், கால அட்டவணை, டிக்கெட், கண்டக்டர் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓடும். அதுவும் ஒருவர்கூடக் குடியில்லாத ஊருக்கு! இதென்ன கூத்து என்கிறீர்களா? வாருங்கள், ஏறிப் பார்த்துவிடலாம்.

ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை. வில்ட்ஷையர் ஜில்லாவில் வார்மின்ஸ்டர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால், செக்கச் சிவந்த மாடி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. 1959 முதல் லண்டன் தெருக்களில் உழைத்து, 2005 டிசம்பரில் அன்றாட ஓட்டத்திலிருந்து விடைபெற்ற 'ரூட்மாஸ்டர்'கள் இவை. இப்போது இவற்றை வைத்திருப்பவர்கள், நாம் வெள்ளிக்குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கி வைத்திருக்கிறார்கள். பின்புறம் கதவே கிடையாது. திறந்த படிமேடையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பமும்தான். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள். முன் ஸீட் காலியென்றால் விட்டுவிடாதீர்கள்! கண்டக்டர் மணிக்கயிற்றை இருமுறை இழுக்கிறார். பஸ் உறுமிக்கொண்டு கிளம்புகிறது.

ஊர் எல்லை தாண்டியதும் ஸாலிஸ்பரி சமவெளி. கண்ணுக்கெட்டிய மட்டும் புல். அழகாயிருக்கிறதே, இறங்கி நடக்கலாமே என்று தோன்றும். கூடாது! வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன, சாலையை விட்டு விலகாதீர்கள் என்று பலகைகள் எச்சரிக்கின்றன. இது ராணுவத்தின் பயிற்சி நிலம்.

இதன் நடுவில்தான் இம்பர் கிராமம் இருக்கிறது. 1943 நவம்பர் 1-ம் தேதி ஊராரைப் பள்ளிக்கூடத்தில் கூட்டி, 47 நாளில் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஐரோப்பாவில் இறங்கப்போகும் அமெரிக்கச் சிப்பாய்கள் பழகுவதற்கு இடம் வேண்டியிருந்தது. ஊர் நிலத்தில் பெரும்பகுதியை ராணுவம் முன்பே வாங்கியிருந்ததால் எதிர்த்துப் பேச வழியில்லை. சுமார் 150 பேர் மூட்டை கட்டினார்கள்.

நாற்பத்தேழு நாள்! நீங்களாயிருந்தால் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுப்போவீர்கள்? சமையலறையில் டப்பா உணவுகளை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டாம். யுத்தம் முடிந்தால் திரும்பத்தானே போகிறோம் என்ற எண்ணம்! நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே உலை ஊதிய கொல்லர், பட்டடைக்கல்லின்மேல் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தார் என்று சொல்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்களில் முதலில் இறந்தவரும் அவர்தான். அடக்கம் செய்ய இம்பருக்கே கொண்டுவந்தார்கள்.

மற்றவர்களுக்கு ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. 1961-ல் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இம்பருக்குள் வந்து கூடி முறையிட்டார்கள். விசாரணை நடந்தது. ஊர் ராணுவத்துக்கே என்று தீர்ந்தது; ஆனால் வருஷத்துக்கொரு முறை மாதா கோயிலில் தொழலாம் என்றார்கள். அந்தச் சலுகையாவது கிடைத்ததே!

பஸ்ஸிலிருந்து இறங்கினால், ஜன்னல் கதவில்லாமல் வாய் பிளந்து நிற்கும் வீடுகளைக் காணலாம். சண்டைப் பயிற்சிக்கென்று ராணுவம் பின்னால் கட்டியவையும் அவற்றில் உண்டு. மேட்டின்மேல் 13-ம் நூற்றாண்டு ஸெயின்ட் கைல்ஸ் கோயில் மட்டும் கோபுரத்தோடு முழுசாக நிற்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள். சுவரில் பழைய ஓவியங்கள் மங்கலாகத் தெரியும்.

2009-ல் இந்த பஸ்ஸைத் தொடங்கிய பஸ் பிரியர்களில், அப்போது லண்டன் போக்குவரத்துக் கமிஷனராயிருந்த பீட்டர் ஹெண்டியும் ஒருவர். கிடைக்கும் வசூலில் ஒரு பங்கு இந்தக் கோயிலுக்குப் போகிறது.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் இரவு தங்க யாருக்கும் அனுமதி கிடையாது.