பதினெட்டு வயதுக்குப் பிறகு

சட்டம் என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்பட நீதிமன்றமும், மேசையைத் தட்டும் நீதிபதியும்தான் நினைவுக்கு வருகின்றன. சாமானியன் சட்டத்தைச் சந்திப்பதோ பெரும்பாலும் வக்கீல் குமாஸ்தாவின் மேசையிலும், வங்கியின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னாலும், ஆட்சியர் அலுவலகத் தாழ்வாரத்திலுமே. வரலாறு படிப்பவளுக்கு இதில் என்ன வேலை என்று தோழியர் கேட்கலாம். பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இது அன்றாடப் பேச்சு.

2014-இல் என் தம்பிக்கு ஏழு வயது. பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு சரக்கு வேன் மோதியது. தலையில் அடி. பிழைத்துக்கொண்டான், ஆனால் வலது கையும் காலும் சரியாக இயங்கவில்லை. அறிவு வளர்ச்சியும் அந்த வயதோடு நின்றுபோயிற்று. அந்த நாளைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

வழக்குப் போட அப்பா முதலில் தயங்கினார். வேன் உரிமையாளரும் நம்மைப் போல ஏழைதானே என்பது அவர் எண்ணம். “அவர் பையிலிருந்து யாரும் கேட்கவில்லை ஐயா. மூன்றாம் நபருக்கான காப்பீடு ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம். இதற்குத்தான் அது” என்று வக்கீல் விளக்கிய பிறகே வக்காலத்தில் கையெழுத்திட்டார். மோட்டார் விபத்து வழக்கை நீதிமன்ற வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. என்பார்கள். அந்த நான்கு எழுத்துக்கு விரிவு தெரியாமலே என் அம்மா மூன்றாண்டு வாய்தாவுக்குப் போய் வந்தார். (அன்று காலக்கெடு இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்று விதி வந்துள்ளது. அதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன என்றாலும், அவற்றை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.)

மருத்துவக் குழு தம்பிக்கு எழுபத்தைந்து விழுக்காடு ஊனம் என்று எழுதியது. இந்த விழுக்காடு பொல்லாதது. பெரியவர்களின் வழக்கில் உடலின் விழுக்காடு வேறு, வருமான இழப்பின் விழுக்காடு வேறு என்று உச்சநீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. இடது கையை இழந்த தச்சருக்கு ஏறத்தாழ முழுப் பிழைப்பும் போகலாம். அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலை போகாமலே இருக்கலாம். சம்பாதிக்காத குழந்தைக்கு என்ன செய்வது? 2013-இல் அதே நீதிமன்றம் ஒரு படிக்கட்டு அமைத்தது. அறுபது விழுக்காடு வரை 4 இலட்சம், தொண்ணூறு வரை 5 இலட்சம், அதற்கும் மேல் 6 இலட்சம். சிகிச்சைச் செலவும் உதவியாளர் செலவும் தனி. எழுபத்தைந்தா, அறுபதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் அரைநாள் வாதாடியதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அம்மா சாட்சிக் கூண்டில் நின்ற நாளை மட்டும் மறக்க முடியாது. அவர் தையற்கூடத்து வேலையை விட்டுவிட்டுத் தம்பியைத் தூக்கிக் குளிப்பாட்டி, சோறூட்டி வந்தார். “அதனால் உங்களுக்கு மாதம் எவ்வளவு நஷ்டம்?” என்று கேட்டார்கள். “அவன் நான் பெற்ற பிள்ளை சாமி, இதற்குப் போய் என்ன கணக்குச் சொல்ல?” என்றார் அம்மா. கூடம் ஒரு கணம் அமைதியாயிற்று. எதிர்த்தரப்பு அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டது. 2017-இல் வந்த தீர்ப்பில் மொத்தம் 8 இலட்சம். அதில் உதவியாளர் செலவு 1 இலட்சம். அம்மாவின் ஆயுள் முழுமைக்கும் ஒரு இலட்சம்!

2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை அண்மையில் நூலகத்தில் படித்தேன். அரியானாவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி, 2007-இல் விபத்து, முழு ஊனம். தீர்ப்பாயம் தந்தது 11 இலட்சத்துச் சொச்சம். உச்சநீதிமன்றம் தந்தது 62 இலட்சத்துச் சொச்சம். உதவியாளர் இருவர், மாதம் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1,20,000. அதைப் பதினெட்டால் பெருக்கி 21,60,000. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அங்கேயும் ஒரு தாய் இருந்திருப்பாளே” என்று மட்டும் சொன்னார்.

தம்பியின் பணத்தைத் தீர்ப்பாயம் வங்கியில் நீண்டகால வைப்பாகப் போட்டது. மைனர் பணம் கரைந்துபோகாமலிருக்க உள்ள ஏற்பாடு இது. வட்டி மட்டும் அம்மா கைக்கு வந்தது. 2025-இல் தம்பிக்குப் பதினெட்டு நிறைந்தது. வைப்புத்தொகை முதிர்ந்தபோது, “பையன் இப்போது மேஜர், அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும்” என்றார் வங்கி அதிகாரி. அவர் சொன்னதில் தவறில்லை. மைனருக்குத் தகப்பனார் இயற்கைப் பாதுகாவலர். பிறந்தநாள் கடந்த மறுகணமே அந்த உரிமை போய்விடுகிறது. பென்சிலைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை சட்டத்தின் கண்ணில் பெரிய மனிதன்!

இதற்கு வழி 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. மூளை முடக்குவாதம், மதி இறுக்கம், மனவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு உடையோருக்குப் பதினெட்டுக்குப் பிறகும் பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்ட குழு அதைச் செய்கிறது. அந்தச் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே தெரிவித்துள்ளது. இவ்வளவையும் எங்களுக்குச் சொன்னவர் நீதிமன்ற வளாகத்து இலவசச் சட்ட உதவி மையத்தில் இருந்த ஓர் இளம் வழக்கறிஞர். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது என்பதை இங்குள்ள எத்தனை பேர் அறிவோம்?

பெற்றோர் இருவரும் சேர்ந்து பாதுகாவலர் ஆயினர். அவர்களுக்குப் பிறகு? அப்பா உயிலில் என் பெயரை எழுதிவிடலாம் என்றார். உயிலால் மைனருக்குப் பாதுகாவலர் வைக்கலாம். மேஜருக்கு அது போதாது, மீண்டும் குழுவிடம்தான் போகவேண்டும் என்றார் அந்த வழக்கறிஞர். பெரியப்பாவின் ஆட்சேபணை வேறுவிதம்: “நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண். அவளை நம்பி இதையெல்லாம் எழுதலாமா?” சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் பேதமில்லை. ஆனால் பெரியப்பா சட்டத்தைப் பற்றிப் பேசவில்லையே! அம்மா அடுப்படியிலிருந்து வந்து, “அவள் போகிற வீட்டில் இதைச் சொல்லித்தான் கொடுப்போம்” என்றார். பெரியப்பா காப்பியை முடித்துவிட்டு எழுந்து போனார்.

நியமனம் பெற்ற ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்கவேண்டும். அந்தக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். மருந்து, கால் தாங்கி, ஆட்டோ வாடகை என்று பத்திகள் பிரித்திருக்கிறேன். கடைசிப் பத்திக்கு ‘உதவியாளர்’ என்று தலைப்பிட்டேன். மாதம் எவ்வளவு போடட்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.