மலைகளுக்கிடையே ஒரு வானொலிப் பெட்டி

கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வருவோர்க்கு அப்புத்தளையைக் கடந்தவுடன் வேறொரு நாட்டினுள் புகுந்தது போன்ற உணர்வு உண்டாகும். மேற்குச் சரிவின் மழையும் மூடுபனியும் பின்தங்கிவிட, ஊவாவின் உலர்ந்த காற்று முகத்தைத் தடவும். அங்கிருந்து சற்றே தாழ்ந்து, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,230 மீற்றர் உயரத்தில் பண்டாரவளை அமைந்திருக்கின்றது. 1924 இல் இருப்புப்பாதை பதுளையைச் சென்றடையும் வரை, நெடுங்காலம் இந்நகரே அதன் முடிவிடமாய் இருந்தது. இதன் தட்பவெப்பத்தைப் புகழ்ந்து எழுதியோர் பலர். நாம் எழுதப் புகுந்தது காட்சியைப் பற்றியன்று. இம்மலைகளிடையே காதில் விழுவதையும் விழாததையும் பற்றி.

எம்மிடம் பழைய ஹைஏஸ் வேன் ஒன்று உண்டு. ‘டொல்பின்’ என்று இந்நாட்டவர் செல்லப்பெயர் சூட்டியிருக்கும் இனம். பின்னாசனங்களைக் கழற்றிவிட்டு இரண்டு படுக்கைப் பலகைகள், ஓர் எரிவாயு அடுப்பு, ஒரு தண்ணீர்க் கலன் ஆகியவற்றைப் பொருத்தி, அதனைச் சக்கரம் பூட்டிய சிறுவீடாக ஆக்கிக்கொண்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் வண்டிகள் வராதிருந்த ஐந்தாண்டுகளில் இத்தகைய முதிய வண்டிகளுக்கு மதிப்பு ஏறியது. அவற்றைப் பழுதுபார்ப்போர்க்கும் ஏறியது.

வண்டியில் எல்லாம் ஒழுங்காயிருந்தன, வானொலி ஒன்றைத் தவிர. அது ஜப்பானிலிருந்தே வண்டியோடு வந்தது. அதன் முகப்பில் அந்நாட்டெழுத்துக்கள். எத்துணை திருகினும் இரைச்சலே மிஞ்சும். “அப்பா, இந்த ரேடியோவுக்குத் தமிழ் தெரியாதா?” என்று இளைய மகள் கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்டதில் உண்மை இல்லாமலில்லை. ஜப்பானில் பண்பலை ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையிலேயே நிகழ்ந்தது. நம் நாட்டிலோ 87.5 முதல் 108 வரை. இரண்டும் சந்திக்குமிடம் ஒரு சிறு துண்டு. ஆகவே பழுதில்லாத அப்பெட்டிக்கு நம் நிலையங்களுட் பெரும்பாலானவை கேளாதவை ஆயின.

இதற்குக் கடைத்தெருவில் ஒரு கைமருந்து உண்டு. வானலைகளை ஒரே அளவாகக் கீழிறக்கித் தரும் சிறு பெட்டியொன்றை அன்ரனாவுக்கும் வானொலிக்கும் இடையே செருகிவிடுவார்கள். ஆனால் இருபது மெகாஹேட்ஸ் அகலமுள்ள நம் வரிசையைப் பதினான்கே உள்ள பெட்டிக்குள் அடக்குவது, பெரிய தலையணையைச் சிறிய உறைக்குள் திணிப்பது போன்றதே. ஒரு முனை வெளியே நிற்கும். பெட்டியையே மாற்றிவிடுவது என்று தீர்மானித்தோம்.

பண்டாரவளையில் எமக்கு வாய்த்த வயரிங் பாஸ் இளைஞர். தோட்டத்தில் பிறந்து நகரில் தொழில் கற்றவர். முகப்புப் பலகையைக் கீறல் விழாமல் கழற்றி, அளவெடுத்தார். உலகில் பொதுவாக விற்கப்படும் பெரிய வானொலிகள் 180 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் உயரமும் உடையவை. டொயோட்டாவின் வாயோ 200 மில்லிமீற்றர் அகலம். இருபுறமும் பத்துப் பத்தாக இணைப்புத் துண்டுகள் வைத்து அதனை நிரப்பினார். கம்பிகளை வெட்டாமல், பொருத்தமான செருகியைக் கொண்டே இணைத்தார். வெட்டுவது எளிது, ஆனால் பின்னர் வருபவன் எந்த நிறம் எதற்கென்று அறியாது திண்டாடுவான் என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கை.

எந்தப் பற்றரியிலிருந்து மின்சாரம் எடுப்பது என்பதில் மட்டும் அவர் எம்மைச் சிந்திக்க வைத்தார். எஞ்சினைக் கிளப்பும் பற்றரி ஒன்று, படுக்கையறை விளக்குகளுக்கான பற்றரி ஒன்று என இரண்டு எம் வண்டியில் உண்டு. வானொலி ஓர் அம்பியர் மட்டுமே இழுத்தாலும் ஒரு நாள் முழுவதும் ஒலித்தால் 24 அம்பியர்-மணி போய்விடும். மலைநாட்டுக் குளிர்காலையில் டீசல் எஞ்சினைச் சூடேற்றிக் கிளப்புவதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். ஆதலால் வீட்டுப் பற்றரியிலேயே, அதற்கு அருகில் ஒரு பியூஸும் வைத்து இணைத்தார்.

“வண்டி நின்று போனாலும் ரேடியோ பேசவேணும் சேர், ரேடியோ பேசினதாலே வண்டி நின்று போகக்கூடாது,” என்றார். பின்பு 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலைப் பற்றிச் சொன்னார். பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளால் பாதைகள் அறுந்து, மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்த நாட்கள் அவை. அவருடைய தோட்டத்தில் லயத்து மக்கள் ஒரு லொறியின் வானொலியைச் சூழ்ந்து நின்று, எந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டறிந்தார்களாம். அதன்பின் நாம் பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் அப்புத்தளை, பெரகலை வழியாகக் கொஸ்லந்தை நோக்கிப் புறப்பட்டோம். பண்பலை ஒளியைப் போன்றது. மலை குறுக்கிட்டால் நிழல் விழும். ஒரு வளைவில் தெளிவாக ஒலித்த செய்தி அடுத்த வளைவில் மறைந்தது; மூன்றாம் வளைவில் மீண்டது. எங்கே மறையும் என்று பந்தயம் கட்டிப் பிள்ளைகள் மகிழ்ந்தனர். கொஸ்லந்தையை அண்மியபோது அவர்களும் மௌனமாயினர். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுள் புதைந்தது இங்கேதான். அந்நிலம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையை வானொலி வீடுதோறும் கொண்டுசேர்க்கும். எழுந்து போய்க் குடியிருக்க வேறொரு வீட்டை அது தராதே! அதைத் தரவேண்டியோர் வேறு.

அன்றிரவு, தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு ஒரு தேயிலை மலையடிவாரத்தில் தங்கினோம். இருட்டியபின் மத்திய அலையைத் திருப்பினோம். பகலில் நிலத்தோடு ஒட்டி ஓடும் அவ்வலைகள், இரவில் வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். மலை அவற்றுக்குத் தடையன்று. எம் விளக்குகள் எழுப்பிய இரைச்சல், அவற்றை அணைத்ததும் அடங்கியது. இருளில் தென்னிந்திய நிலையமொன்று மெல்ல எழுந்து வந்தது.

ஒலி கேட்டு, கையில் டோர்ச்சுடன் தோட்டத்துக் காவற்காரப் பெரியவர் வந்து அமர்ந்தார். தேநீர் கொடுத்தோம். அவருடைய இளமையில் லயத்திற்கு ஒரு வானொலி இருந்தாலே பெரிதாம். 1950 இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிய இலங்கை வானொலி, நேயர் விருப்பத்தில் பெயர்களோடு தோட்டத்தின் பெயரையும் சேர்த்து வாசிக்கும். மயில்வாகனனின் குரலைத் தம் தகப்பனார் வீட்டாளின் குரலைப்போல் அறிந்திருந்தார் என்றார். நாட்டின் குடியுரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களின் ஊர்ப்பெயரை நாட்டின் வானொலி உரக்கச் சொன்னது. அதற்காகவே தபாலட்டைகள் எழுதினார்கள் போலும்.

ஆசனத்தின் கீழே கிடந்த பழைய பெட்டி அவர் கண்ணில் பட்டது.

“அது மீடியம் வேவ் எடுக்குங்களா ஐயா?”

எடுக்கும். பண்பலையில் ஜப்பான் வேறு, நாம் வேறு. மத்திய அலையிலோ இரு நாட்டுக்கும் ஒன்பது கிலோஹேட்ஸ் இடைவெளியே. மகனுடைய ஓட்டோவின் பழைய பற்றரி ஒன்று வீட்டில் இருக்கிறதென்றும், காவலுக்குப் போகாத இரவுகளில் கேட்கலாமென்றும் அவர் சொன்னார். பெட்டியைப் போர்வைக்குள் சுற்றிக் கொடுத்தோம். அதற்குரிய செருகியும் ஒரு சிறு ஸ்பீக்கரும் தேவைப்பட்டன. திரும்பும் வழியில் பண்டாரவளையில் அவற்றை வாங்கி, கம்பிகளின் நிற விவரத்தை ஒரு தாளில் எழுதிச் சுற்றி, அவ்வழி செல்லும் பஸ்ஸின் நடத்துநரிடம் கொடுத்தனுப்பினோம்.