எம்டன் குண்டுக்கு என்ன விலை?

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையை, "சரியான எம்டன்டா நீ!" என்று திட்டாத வீடு நம் பக்கத்தில் உண்டா? எங்கள் தெருவில் என் மாமனாருக்கே அந்தப் பெயர்தான். (அவர் காதில் விழாமல்!) அது ஒரு ஜெர்மன் யுத்தக் கப்பலின் பெயர் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதில்லை.

1914ஆம் வருஷம் செப்டம்பர் 22ந் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. 100க்கு மேற்பட்ட குண்டுகளைப் போட்டுவிட்டு, இருட்டோடு இருட்டாகப் போய்விட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. குறைந்தது 5 பேர் இறந்தார்கள். ஹைகோர்ட் மதிலில் குண்டு பட்ட இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எம்டனுக்கு உண்மையில் புகைபோக்கி மூன்றுதான். பிரிட்டிஷ் கப்பல் என்று பார்ப்பவர்கள் ஏமாறட்டும் என்று நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியையும் நிறுத்திக் கொள்வார்களாம். கெட்டிக்காரர்கள்தான்!

மறுநாளிலிருந்து பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி பண்ண ஆரம்பித்தார்கள். ரயிலில் மேற்கே கிளம்பினால் எங்கள் அரக்கோணத்தைத் தாண்டித்தானே போகவேண்டும்? அப்படி ராயபுரத்திலிருந்து வந்து இறங்கிய பத்து வயதுப் பெண்தான் என் மாமியாரின் பாட்டி. மாமா வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. இங்கேயே கல்யாணமாகி, இங்கேயே பேரன் பேத்தி எடுத்தார். ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து கடற்படை விமானம் எங்கள் வீட்டுக்கு மேலே இரைச்சலோடு போகும்போதெல்லாம் மாமியார், "எங்க பாட்டி காலத்துல இதெல்லாம் இல்லாமப் போச்சே" என்பார்.

அந்தப் பாட்டியின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அன்றிரவு காயம்பட்டவர்களைத் தூக்கிக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவராம். விடிந்ததும் அங்கே கிடந்த ஓர் இரும்புத் துண்டை எடுத்து வந்திருக்கிறார். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் வளைவு, துருவேறிப் போனது. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், 400 கிராம் இருந்தது. மாமியாரின் டிரங்குப் பெட்டியில் பழைய புடவைத் துணியில் சுற்றி இருக்கிறது.

போன வருஷம் உறவுக்காரர் ஒருவர் மூலம், பழைய காசும் தபால் தலையும் வாங்கி விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்டன் குண்டுதான்னு ஒரு பேப்பர் இருந்தா நல்ல விலை போகும்மா. பேப்பரை நானே ரெடி பண்ணித் தர்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். பேப்பர் இல்லாவிட்டால்? பழைய இரும்பு விலைதானாம்!

அப்போது மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட நாலு நாள்தான் பாக்கி. என் கணவர் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். "எங்க பாட்டி சொன்னதை எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. செத்தவங்க விஷயம்" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. என் வளையல் இரண்டை பாங்கில் வைத்து பீஸ் கட்டினோம். இன்னும் மீட்கவில்லை.

அவர் போனபிறகு, இப்படிப்பட்ட பொருள்களை மற்ற நாட்டார் எப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளையை விட்டுத் தேடச் சொன்னேன். 1914 நவம்பர் 9ந் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. எம்டனில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குள் இருந்த மெக்ஸிகோ வெள்ளி நாணயங்களை எடுத்து வந்து, 1,000 நாணயங்களுக்குக் கிரீடம் வைத்த வளையம் கட்டி, இரண்டு கப்பல்களின் பெயரையும் தேதியையும் பொறித்து, சிட்னி கப்பல் மாலுமிகளுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார்களாம். பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பதக்கமே சொல்லிவிடுகிறது. எங்கள் இரும்புத் துண்டுக்குப் பேச வாய் ஏது?

இதை போனில் சொன்னபோது அமெரிக்காவில் இருக்கும் என் ஓரகத்தி, தன்னிடம் இருக்கும் பீங்கான் கோப்பையைப் பற்றிச் சொன்னாள். பவுண்டி என்ற பாய்மரக் கப்பலைப் பார்க்கப் போனபோது வாங்கியது. பழைய பவுண்டி 1790லேயே எரிந்துபோனது. அவள் பார்த்தது 1960ல் சினிமாவுக்காகக் கனடாவில் அதே மாதிரி கட்டிய மரக்கப்பல். 2012 அக்டோபர் 29ந் தேதி சாண்டி புயலில் அதுவும் மூழ்கிவிட்டது. இருந்த 16 பேரில் 14 பேரை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. ஒரு பெண் இறந்தாள். காப்டன் உடல் கிடைக்கவேயில்லை. அதுவரை காபி குடித்துக்கொண்டிருந்த கோப்பையை அன்றைக்குக் கழுவி அலமாரியில் வைத்தவள், பிறகு எடுக்கவில்லையாம். "விற்றால் நாலு காசு வரும் என்கிறார்கள். கடை பில்கூட இருக்கிறது. மனசு வரலை அக்கா" என்றாள். வாங்கும்போது பொம்மைக் கப்பல் மாதிரிதானே நினைத்திருப்பாள்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். பழைய இரும்பென்றால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடாதீர்கள். தண்ணீர் படாமல் உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். யார், எங்கே, எப்போது எடுத்தது என்பதைத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாமியார் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இரண்டு மூன்று இடத்தில் அவருக்கே சந்தேகம். அங்கெல்லாம் "ஞாபகம் இல்லை" என்றே எழுதியிருக்கிறது.

சென்னை மியூசியத்தில் எம்டன் குண்டின் துண்டு இருக்கிறது. அடுத்த மாதம் போகும்போது எங்களுடையதையும் எடுத்துப்போய்க் காட்டிக் கேட்கலாம் என்றிருக்கிறோம். "இது அது இல்லைன்னு சொல்லிட்டா, பாட்டி?" என்று கேட்டாள் மகள்.

"சொன்னா அதையும் அந்த நோட்டுல எழுதுடி" என்றார் மாமியார்.