அழுக்கு வண்டி



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட டாங்கி பொம்மைப் படத்துக்கு வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "ஏன் சார் இவ்வளவு அழுக்கா இருக்கு?" பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகள் ஒருபடி மேலே போய், "மாமா, பழைய இரும்புக் கடையில எடுத்ததா?" என்று கேட்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடம் "நோட்டு சுத்தமா இருக்கணும், அடித்தல் திருத்தல் கூடாது" என்று உங்கள் உயிரை எடுத்த ஆள், எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு புதுப் பொம்மையை அழுக்காக்கியிருக்கிறேன். சிரிப்பு வரத்தான் செய்யும். கதை கொஞ்சம் நீளம். டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன தீபாவளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், "சும்மா செல்போனைப் பாக்காதீங்கப்பா" என்று ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தான். செஞ்சூரியன் டாங்கி. பிளாஸ்டிக் துண்டுகளை நாமே வெட்டி ஒட்டி, நாமே பெயிண்ட் அடிக்க வேண்டும். அளவு 35-இல் ஒரு பங்கு. குழலோடு சேர்த்து நிஜ வண்டி ஏறக்குறைய 9.8 மீட்டர் என்றால், இது 28 செ.மீ. ஒட்டி முடிக்க இரண்டு மாதம். ஆலிவ் பச்சை ஸ்ப்ரே வாங்கி அடித்தேன். பளபளவென்று கொலு பொம்மை மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எருமப்பட்டியில் இருக்கும் அண்ணனிடம் காட்ட எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் என் பெரியப்பா மகன். வயது 83. உறவுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அவர் 16-வது லைட் கேவல்ரியில் டாங்கி டிரைவராக இருந்தவர். தென்னிந்திய ஆட்களைச் சேர்க்கும் பழைய ரெஜிமெண்ட் அது. 1965 செப்டம்பரில் சியால்கோட் பக்கம் செஞ்சூரியனோடு போனார்கள். நம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது அந்த ஆண்டு டிசம்பரில்தான். அதனால் அந்தப் போருக்குப் போனது இங்கிலாந்தில் செய்த செஞ்சூரியன். 50 டன்னுக்கு மேல் எடை, பெட்ரோலில் ஓடும் எஞ்சின். பூனா ஹார்ஸின் லெப்டினன்ட் கர்னல் தாராபூர் செப்டம்பர் 16 அன்று உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்றதும் அதே முனையில்தான். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. அண்ணன் அறுபது வருடத்தில் அந்தப் போரைப் பற்றி எங்களிடம் பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம்.

அவர் பொம்மையை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கே. ஆனா இது டெலிவரிக்கு வந்த வண்டி தம்பி. நாங்க ஓட்டுன வண்டி இல்ல."

அவ்வளவுதான். திண்ணையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். செஞ்சூரியனில் பல மார்க் உண்டு, இந்தப் பெட்டியில் வந்தது அவர் ஓட்டிய மார்க் இல்லை. அதைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து யூடியூபே கதி. இந்த வித்தைக்கு வெளிநாட்டில் பெரிய பெரிய வாத்தியார்கள் இருக்கிறார்கள். பெல்ஜியத்துக்காரர் வெர்லிண்டன் என்பவர் 1980-களில் ஆயில் பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்துவிடுவதையும் உலர்ந்த பிரஷ்ஷால் விளிம்பைத் தடவுவதையும் எல்லா நாட்டுக்கும் பரப்பினார். அப்புறம் ஸ்பெயின் நாட்டு மிக் ஹிமெனெஸ் வந்து, தூசியையும் சேற்றையும் புட்டியில் அடைத்து விற்கிற அளவுக்குக் கொண்டுபோய்விட்டார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததை எல்லாம் ஒரே வண்டியில் செய்தேன். நம் ஆட்கள் கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே இலையில் வைப்பது போல. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, கரும்பழுப்புப் பெயிண்டில் தொட்டு, பெயிண்ட் உதிர்ந்த மாதிரி புள்ளி புள்ளியாக வைத்தேன். கை நிற்கவில்லை. அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அதைத் தூக்கிக்கொண்டு என் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். 1988 செட், கடைசி பெஞ்ச். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராகச் சேர்ந்து, இப்போது சொந்தமாகப் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். வேதியியலில் நான் அவனுக்கு முப்பத்தைந்தைத் தாண்டிப் போட்டதில்லை.

பொம்மையை ஒரு நிமிடம் பார்த்தான். "சார், இது எந்த வருசத்து வண்டிங்க?"

"1965 போர்ல போனது."

"இல்லீங்க சார். இது இருபது வருசம் மழையில நின்ன வண்டி. ஓடுற வண்டியில இவ்வளவு துரு வராதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. செப்டம்பர் 8-இலிருந்து போர்நிறுத்தம் வந்த 23 வரை பதினைந்து பதினாறு நாள். அதற்குள் கெட்டித் தகட்டில் எவ்வளவு துரு ஏறும்? நான்தானே வகுப்பில் இரும்பு ஆணியைத் தண்ணீரில் போட்டு நாள் கணக்கு எழுத வைத்தேன்! இன்னொன்றையும் அவன் முன்னாலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பொம்மையில் 1 மி.மீ. கீறல் என்றால் நிஜ வண்டியில் 3.5 செ.மீ. நான் வைத்த புள்ளி ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அப்படிப் பெயிண்ட் உரிந்தால் பெயிண்டரைத்தான் உதைக்க வேண்டும்.

"அழுக்குன்னா ஒண்ணு இல்லீங்க சார்" என்று என்னைப் பட்டறைக்கு வெளியே கூட்டிப்போனான். வேலைக்கு வந்த லாரிகள் ஆறேழு நின்றன. அன்று எனக்கு இரண்டு பீரியட் பாடம் எடுத்தான். சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றும் வண்டியில் தூசி மழையில் நனைந்து சாம்பல் கோடாக இறங்கிக் கெட்டியாகும். சேலத்து வெள்ளைக்கல் ஏற்றும் வண்டி மாவு மில் போல இருக்கும், ஆனால் தட்டினால் உதிர்ந்துவிடும். நிலக்கரி வண்டியில் மூலை முடுக்கெல்லாம் கறுத்திருக்கும், கிளீனர் கால் வைத்து ஏறும் இடம் மட்டும் இரும்பு தெரியும். டீசல் டேங்க் மூடிக்குக் கீழே நாக்குத் தொங்கின மாதிரி ஒரு கறை. சிந்திய எண்ணெயில் தூசி ஒட்டி வருவது அது. "எங்க தொடுறானோ அங்க தூசி இருக்காது, எங்க தொடமாட்டானோ அங்க போகாது. அதைப் பாத்தா டிரைவர் எந்தப் பக்கம் இறங்குறான்னுகூடச் சொல்லிரலாமுங்க." கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் துடைத்து, மறுபடி பச்சையிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை பச்சையில் கொஞ்சம் மணல் நிறம் கலந்து வெளுப்பாக்கினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் நிற்கும் புளியமரம் பக்கத்து மரத்தைவிட வெளுப்பாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். சின்ன பொம்மைக்கும் அந்த வெளுப்பு வேண்டும், இல்லையென்றால் விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட்.

பிறகு ஸ்டேஷனரி கடையில் கேம்லின் ஆயில் கலர் டியூப்பில் பர்ன்ட் அம்பர் வாங்கி, மிளகளவு எடுத்து, டர்பன்டைனில் தேநீர் நிறத்துக்குக் கரைத்தேன். மெல்லிய பிரஷ் நுனியால் ஒரு போல்ட்டின் அடியில் தொட்டால் போதும், அதுவே போல்ட்டைச் சுற்றி ஓடி நின்றுகொள்ளும். நுண்புழை ஏற்றம்! ஒன்பதாம் வகுப்பில் மைப் பேனாவையும் விளக்குத் திரியையும் சொன்னேனே, அதேதான். வார்னிஷ் அடிக்காத சொரசொரப்பில் இது ஓடாது, திட்டுத் திட்டாக ஊறிவிடும். அதையும் ஒருமுறை கெடுத்துத்தான் கற்றேன். எண்ணெய்க் கறைக்கும் அதே டியூப்தான். ஒரு பொட்டு வைத்து, டர்பன்டைனில் நனைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு.

துருவை ஒரே இடத்தில்தான் வைத்தேன். செஞ்சூரியனுக்குப் பின்பக்கம் இருபுறமும் சைலென்சர் பெட்டி உண்டு. அந்தச் சூட்டில் பெயிண்ட் நிற்காது. பட்டறையில் ஒரு பழைய லாரி சைலென்சரை எடுத்துப் பார்த்தேன். புதுத் துரு ஆரஞ்சு, பழைய துரு கிட்டத்தட்ட கறுப்பு, மடிப்பில் சாம்பல். முதலில் அந்த நிறங்களைப் பூசி, மருமகளின் ஹேர் ஸ்ப்ரேயை அடித்து (கேட்டுத்தான் எடுத்தேன்), அதன் மேல் பச்சை அடித்து, காய்ந்த பிறகு ஈர பிரஷ்ஷால் தேய்த்தால் ஹேர் ஸ்ப்ரே கரைந்து பச்சை தானாக உரிகிறது. செயின் பட்டையில் தரையைத் தொடும் இடங்களில் 6பி பென்சிலைத் தேய்த்தேன். ஓடுகிற டாங்கியின் செயின் அடியில் வெள்ளியாக மின்னும்.

கடைசியில் தூசி. கொல்லையில் செம்மண் எடுத்து, காய வைத்து, அம்மியில் அரைத்து, சித்த வைத்தியர் வஸ்திரகாயம் செய்வது போல வேட்டித் துணியில் சலித்தேன். துணியில் சலித்தே ஆக வேண்டும். சாதாரண மணல் துகள் 0.2 மி.மீ. இருந்தாலும் இந்தக் கணக்கில் 7 மி.மீ. கல். அந்தப் பொடியைத் தூவி, ஒரு சொட்டு டர்பன்டைன் விட்டு ஒட்டவைத்து, மறுபடி எருமப்பட்டிக்குப் போனேன்.

இந்தத் தடவை அண்ணன் பொம்மையைக் கீழே வைக்கவில்லை. விரலால் பக்கத் தகட்டைத் தொட்டு, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது நம்மூரு மண்ணு."

"ஆமாங்ண்ணா, கொல்லையில எடுத்தது."

"அங்க இப்படிச் செவப்பா இருக்காது. கோதுமை மாவுல சாம்பலைக் கலந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. மழை பெஞ்சா பசை, வெயில் அடிச்சா மாவு. முன்னாடி போற வண்டி கிளப்புற புழுதிதான் கண்ணுல தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. டிரைவருக்கு வலது பக்கம் முன்னாடி சீட்டு. பெரிஸ்கோப்பை அப்பப்போ சட்டைக் கையால துடைச்சுக்குவேன். அங்க மட்டும் வட்டமா சுத்தமா இருக்கும்."

நான் பேசவில்லை. அவராகவே டர்ரெட்டின் பக்கவாட்டுப் பெட்டியின் விளிம்பைக் காட்டினார்.

"இந்த எடத்துல பச்சையே இருக்காது. எங்க லோடர் ஒருத்தன், திருநெல்வேலிப் பக்கம். அவன் எப்பவும் இதைப் புடிச்சுத்தான் தாவி ஏறுவான். ஏறாதடா, தகடு பேந்துரும்னு நான் திட்டுவேன். மோதிரம் போட்டிருப்பான், அது உரசி உரசி இரும்பு தெரியும். பத்தாம் தேதிக்கு மேல அவன் ஏறல."

அண்ணி மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

செம்மண்ணை ஈரத்துணியால் எடுத்துவிட்டேன். புதுத் தூசிக்குச் சாக்பீஸ்தான் கைகொடுத்தது. கரும்பலகைச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அரைத்தால் மாவு மாதிரி வரும். முப்பத்திரண்டு வருடம் மூக்கில் ஏறியது, இப்போதாவது உபயோகப்படட்டும். மஞ்சளும் பழுப்பும் பேஸ்டல் குச்சியைச் சுரண்டி, ஊதுபத்திச் சாம்பலோடு கலந்தேன். டர்பன்டைன் பட்டதும் நிறமே காணாமல் போகும், பயப்படக்கூடாது. காய்ந்ததும் திரும்பி வரும். பெரிஸ்கோப்பைச் சுற்றி நனைத்த பட்ஸால் ஒரு வட்டம் துடைத்தேன். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தூசியைத் தேய்த்து எடுத்தேன். கடைசியாக அந்தப் பெட்டி விளிம்பு. பென்சிலைக் கூராக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. அதை வைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. நீங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் முறை கொண்டுபோனேன். அண்ணன் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டார். வேறெதையும் பார்க்கவில்லை, நேராக அந்த விளிம்புக்கு விரல் போனது. நகத்தால் மெல்லத் தடவினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, "தண்ணி கேன் எங்கே?" என்றார்.

"கேனா?"

"பின்னால ரெண்டு கட்டியிருப்போம். அது இல்லாம எந்த வண்டி கிளம்பும்? ஒண்ணு அவன் கட்டுவான், ஒண்ணு நான்."

20 லிட்டர் ஜெர்ரி கேன் 47 செ.மீ. உயரம். 35-ஆல் வகுத்தால் 13 மி.மீ. சொச்சம். பேத்தியின் அழிரப்பர் ஒன்றை வெட்டிச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்று முடிந்தது, இரண்டாவதன் கைப்பிடி உடைந்துவிட்டது. அவன் கட்டியது இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்காமல் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போக வேண்டும்.